நடத்தலின் ஆற்றல் செலவு

நடத்தலின் ஆற்றல் செலவு என்பது ஒருவர் நடக்கும்போது அவரது உடல் பயன்படுத்தும் ஆற்றலின் அளவு ஆகும். இது பொதுவாகக் கிலோகலோரி என்னும் அலகில் கூறப்படுகிறது. அன்றாட வழக்கில் கிலோகலோரியே 'கலோரி' எனச் சுருக்கி வழங்கப்படுகிறது. இந்த ஆற்றலை அளப்பதற்கு ஆய்வுக்கூடக் கருவிகள் தேவை. ஆகவே உடல் எடை, நடந்த தூரம், வேகம், நிலத்தின் சரிவு போன்ற எளிதில் அறியக்கூடிய அளவுகளைக் கொண்டு இதனைக் கணக்கிடுவதற்குப் பல சமன்பாடுகள் உருவாக்கப்பட்டுள்ளன. உடற்பயிற்சிக் கூடங்களிலுள்ள டிரெட்மில் பொறிகளும், கைக்கடிகார வடிவக் கருவிகளும், திறன்பேசிச் செயலிகளும் காட்டும் கலோரி எண்கள் இத்தகைய கணக்கீடுகளின் மூலம் பெறப்படும் மதிப்பீடுகளே ஆகும்.

சமதரையில் இயல்பான வேகத்தில் நடக்கும் ஒருவர், ஓய்வில் இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும் ஆற்றலுக்கு மேலாக, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை கிலோகலோரி செலவிடுகிறார். அதாவது 60 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்கு ஏறத்தாழ 30 கிலோகலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. கருவிகள் காட்டும் எண் பெரும்பாலும் இதைவிட மிகுதியாக இருப்பதற்கான காரணங்கள் கீழே விளக்கப்பட்டுள்ளன.

== அலகுகள் ==

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கலோரி எனப்படும். இது மிகச் சிறிய அளவாகையால் உணவியலிலும் உடலியங்கியலிலும் இதன் ஆயிரம் மடங்கான கிலோகலோரி பயன்படுத்தப்படுகிறது. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூலுக்குச் சமம். உணவுப் பொட்டலங்களில் 'கலோரி' எனக் குறிக்கப்படுவதும் கிலோகலோரியே ஆகும்.

ஆற்றல் செலவை ஆக்சிசன் நுகர்வின் வழியாகவும் கூறலாம். உடல் ஒரு லிட்டர் ஆக்சிசனைப் பயன்படுத்தும்போது, எரிபொருள் கொழுப்பாக இருந்தால் ஏறத்தாழ 4.7 கிலோகலோரியும், மாவுச்சத்தாக இருந்தால் ஏறத்தாழ 5.05 கிலோகலோரியும் வெளிப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறியது. எனவே நடைமுறைக் கணக்குகளில் ஒரு லிட்டர் ஆக்சிசனுக்கு 5 கிலோகலோரி எனக் கொள்வது வழக்கம்.

== நடத்தலின் இயக்கவியல் ==

சமதரையில் மாறாத வேகத்தில் நடக்கும் ஒருவர், இயற்பியல் நோக்கில், மிகக் குறைந்த வேலையையே செய்கிறார். அவர் மேலே ஏறுவதில்லை. அவரது சராசரி வேகமும் மாறுவதில்லை. ஆயினும் ஆற்றல் செலவாவதற்குக் காரணம், ஒவ்வோர் அடியிலும் உடல் சற்று உயர்ந்து தாழ்வதும், சற்று வேகம் குறைந்து கூடுவதும் ஆகும்.

தரையில் ஊன்றிய கால் ஏறக்குறைய நேராக நிற்க, உடலின் நிறை மையம் அதன்மேல் ஒரு வில் போன்ற பாதையில் கடந்து செல்கிறது. இது தலைகீழாக வைக்கப்பட்ட ஊசலின் அசைவை ஒத்தது. நிறை மையம் உயரும்போது இயக்க ஆற்றல் நிலையாற்றலாகவும், தாழும்போது நிலையாற்றல் இயக்க ஆற்றலாகவும் மாறுகின்றன. இத்தாலிய உடலியங்கியலாளர் சோவானி கவாக்னாவும் அவருடன் பணியாற்றியோரும் 1960களில் தொடங்கிய ஆய்வுகள், இயல்பான வேகத்தில் இவ்வாறு மீட்கப்படும் ஆற்றல் 65 விழுக்காடு வரை இருக்கக்கூடும் எனக் காட்டின. எஞ்சிய பகுதியைத் தசைகள் ஈடுசெய்ய வேண்டும். மிக மெதுவாகவோ மிக வேகமாகவோ நடக்கும்போது இந்த மீட்பு குறைகிறது.

இதனுடன், காலை முன்னே வீசுவதற்கும், உடலைச் சமநிலையில் நிறுத்துவதற்கும் ஆற்றல் வேண்டும். தசைகள் தாம் பெறும் வேதி ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே இயந்திர வேலையாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிறது. நடக்கும்போது உடல் சூடாவதற்கு இதுவே காரணம்.

== மொத்தச் செலவும் நிகரச் செலவும் ==

உயிருள்ள உடல் ஓய்வில் இருக்கும்போதும் இதயத் துடிப்பு, மூச்சு, மூளையின் செயற்பாடு, உடல் வெப்பநிலையைப் பேணுதல் ஆகியவற்றுக்காக ஆற்றலைச் செலவிடுகிறது. நடக்கும் நேரத்திலும் இச்செலவு தொடர்கிறது. எனவே இரண்டு அளவுகளை வேறுபடுத்திக் காண வேண்டும்.

* மொத்தச் செலவு: நடக்கும் நேரத்தில் உடல் செலவிடும் முழு ஆற்றல்.
* நிகரச் செலவு: மொத்தச் செலவிலிருந்து, அதே நேரம் ஓய்வில் இருந்திருந்தால் செலவாகியிருக்கும் ஆற்றலைக் கழித்துப் பெறும் அளவு.

நடந்ததனால் கூடுதலாக எவ்வளவு செலவாயிற்று என்னும் கேள்விக்கு விடை நிகரச் செலவே ஆகும். ஆனால் பெரும்பாலான அட்டவணைகளும் சமன்பாடுகளும் மொத்தச் செலவையே தருகின்றன. ஓடுதல் போன்ற கடும் பயிற்சிகளில் ஓய்வுநிலைச் செலவு மொத்தத்தில் சிறு பங்காகும். ஆகவே இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாவிடினும் பெரும் பிழை நேராது. நடத்தலில் இப்பங்கு கால் பகுதி முதல் மூன்றில் ஒரு பகுதி வரை இருக்கும். மெதுவாக நடப்பவருக்கு இது இன்னும் கூடுதல். இதனால் நடத்தலைப் பொறுத்தவரை எந்தச் செலவு குறிக்கப்படுகிறது என்பதை அறியாமல் எண்ணைப் பயன்படுத்துவது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

== அளவிடும் முறைகளின் வரலாறு ==

பிரான்சில் அந்துவான் லவாசியேயும் பியேர் சீமோன் லாப்லாசும் 1782–83 குளிர்காலத்தில் பனிக்கட்டிக் கலோரிமானி ஒன்றினுள் கினிப் பன்றியை வைத்து, உருகிய பனிக்கட்டியின் அளவிலிருந்து அதன் உடல் வெளியிட்ட வெப்பத்தைக் கணித்தனர். உயிரினங்களின் மூச்சும் எரிதலும் ஒரே வகை வேதிவினை என்னும் கருத்துக்கு இது அடிப்படையாயிற்று.

நடத்தல் பற்றிய முறையான ஆய்வுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கின. செருமனியின் பெர்லின் நகரில் நாதன் சூன்ட்சு 1889 ஆம் ஆண்டில், மூச்சு வளிமங்களை அளந்தவாறே நடக்கவும் ஓடவும் ஏற்ற ஓடுபட்டைப் பொறி ஒன்றை அமைத்தார். இன்றைய ஆய்வுக்கூட டிரெட்மில்லின் முன்னோடிகளுள் இது ஒன்று. சுமை தாங்கி அணிநடை செல்வோரின் உடலியங்கியல் குறித்து அவரும் சும்பூர்க் என்னும் படைமருத்துவரும் எழுதிய நூல் 1901 இல் வெளிவந்தது.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள வெசுலியன் பல்கலைக்கழகத்தில், 1890களில் வில்பர் அட்வாட்டரும் எட்வர்டு ரோசாவும் ஒரு மனிதர் நாள் கணக்கில் தங்கக்கூடிய கலோரிமானி அறையைக் கட்டினர். உண்ட உணவின் ஆற்றலும் உடல் வெளியிட்ட ஆற்றலும் சமமாக இருப்பதை அவர்களது அளவீடுகள் காட்டின. பின்னர் பிரான்சிசு பெனடிக்டும் முர்சௌசரும் சமதரையில் நடத்தலின் ஆற்றல் மாற்றங்களைப் பற்றிய விரிவான ஆய்வை 1915 இல் வெளியிட்டனர்.

அறையினுள் வெப்பத்தை அளப்பதைவிட மூச்சு வளிமங்களை அளப்பது எளிது. இது மறைமுகக் கலோரி அளவியல் எனப்படும். பிரித்தானிய உடலியங்கியலாளர் சி. ஜி. டக்ளசு 1911 இல் அறிமுகப்படுத்திய பை, வெளிவிடும் மூச்சைச் சேகரித்து முதுகில் சுமந்தவாறே நடக்க வழிசெய்தது. பயன்படுத்திய ஆக்சிசனையும் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு ஆற்றலைக் கணிக்கும் எளிய சமன்பாட்டை வெயர் என்பவர் 1949 இல் வெளியிட்டார். அது இன்றளவும் பயன்பாட்டில் உள்ளது.

இயல்பு வாழ்க்கையில் நாள் கணக்கிலான செலவை அளப்பதற்கு, கன ஐதரசனும் ஆக்சிசன்-18 உம் கொண்ட நீரைப் பருகச் செய்து, அவை உடலிலிருந்து வெளியேறும் வீதங்களை ஒப்பிடும் முறை பயன்படுகிறது. நேத்தன் லிஃப்சன் 1955 இல் எலிகளில் பயன்படுத்திய இம்முறை, 1982 இல் மனிதர்களுக்கு நடைமுறைப்படுத்தப்பட்டது.

== செலவைத் தீர்மானிக்கும் காரணிகள் ==

=== உடல் எடை ===

நடத்தலின் செலவு உடல் எடைக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் அமைகிறது. ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடக்கும் 50 கிலோகிராம் எடையுள்ளவரும் 80 கிலோகிராம் எடையுள்ளவரும் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 5:8 என்னும் விகிதத்தில் இருக்கும். எடையைக் கேட்காமல் அடிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு கலோரி கூறும் அட்டவணைகள் இதனாலேயே நம்பத்தக்கவை அல்ல.

=== தூரமும் வேகமும் ===

எச். ஜே. ரால்ஸ்டன் 1958 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சமதரையில் நடப்பவரின் மொத்தச் செலவு வேகத்தின் இருபடியைப் பொறுத்து உயர்கிறது.

: செலவு = 29 + 0.0053 × வேகம் × வேகம்

இங்கு வேகம் நிமிடத்துக்கு மீட்டரிலும், செலவு ஒரு கிலோகிராம் எடைக்கு நிமிடத்துக்குக் கலோரியிலும் அமையும். இது கிலோகலோரி அன்று, சிறு கலோரி ஆகும். இச்சமன்பாட்டைக் கொண்டு 60 கிலோகிராம் எடையுள்ளவருக்குக் கணக்கிட்ட மொத்தச் செலவு வருமாறு:

| வேகம் (மணிக்குக் கிலோமீட்டர்) | ஒரு மணி நேரத்துக்கு (கிலோகலோரி) | ஒரு கிலோமீட்டருக்கு (கிலோகலோரி) |
|---|---|---|
| 3 | 152 | 51 |
| 4 | 189 | 47 |
| 5 | 237 | 47 |
| 6 | 295 | 49 |

வேகம் இரு மடங்கானபோது ஒரு மணி நேரச் செலவும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கான செலவு மிகக் குறைவாகவே மாறுகிறது. அதாவது, குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க ஆகும் மொத்த ஆற்றல் இயல்பான வேக எல்லைக்குள் வேகத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. கிலோமீட்டருக்கான செலவு மிகக் குறைவாக அமையும் வேகம், இச்சமன்பாட்டின்படி, நிமிடத்துக்கு 74 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் ஆகும். மனிதர்கள் தாமாகத் தெரிந்துகொள்ளும் நடைவேகமும் இதற்கு அருகிலேயே அமைகிறது.

மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் பெரும்பாலோர் தாமாகவே ஓடத் தொடங்குகின்றனர். அதற்கு மேற்பட்ட வேகங்களில் நடப்பதைவிட ஓடுவதே சிக்கனமானது. வேகநடைப் போட்டியாளர்கள் மிகுந்த ஆற்றலைச் செலவிடுவது இதனாலேயே.

=== ஏற்றமும் இறக்கமும் ===

ஏற்றத்தில் நடக்கும்போது உடலை உயர்த்துவதற்கான வேலையும் சேர்ந்துகொள்கிறது. 60 கிலோகிராம் எடையுள்ள உடலை 100 மீட்டர் உயர்த்தப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 14 கிலோகலோரி ஆகும். தசைகளின் திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே ஆகையால், உடல் உண்மையில் செலவிடுவது இதன் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான 54 கிலோகலோரி ஆகும். சமதரையில் நடக்க ஆகும் செலவுடன் இதனைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இறக்கத்தில் செலவு முதலில் குறைகிறது. ஏறத்தாழ 10 விழுக்காட்டுச் சரிவில் அது மிகக் குறைந்த அளவை அடைகிறது. அதைவிடச் செங்குத்தான இறக்கத்தில் உடலின் வேகத்தைத் தடுத்து நிறுத்தத் தசைகள் உழைக்க வேண்டியிருப்பதால் செலவு மீண்டும் உயர்கிறது.

=== நிலத்தின் தன்மை ===

தளர்ந்த மணலில் கால் புதையும்போது மணலை நகர்த்துவதிலும் ஆற்றல் வீணாகிறது. 1998 இல் வெளியான பெல்சிய ஆய்வொன்று, மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப் போல 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் தேவைப்படுவதாகக் காட்டியது. கடற்கரை மணலில் நடந்த ஒரு கிலோமீட்டரும் சாலையில் நடந்த ஒரு கிலோமீட்டரும் கணக்கில் சமமல்ல.

=== சுமை ===

முதுகிலோ இடுப்பிலோ தாங்கும் சுமையை ஏறக்குறைய உடல் எடையின் பகுதியாகவே கருதலாம். காலில் அணியும் சுமை ஒவ்வோர் அடியிலும் முன்னே வீசப்படுவதால், அதே எடையை உடற்பகுதியில் தாங்குவதைவிடப் பல மடங்கு செலவை உண்டாக்குகிறது. இதற்கு மாறான ஒரு நிகழ்வும் பதிவாகியுள்ளது. கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்கள், தம் உடல் எடையில் 20 விழுக்காடு வரையிலான சுமையைக் கூடுதல் ஆற்றல் செலவின்றியே தாங்கி நடப்பதாக 1986 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தலைகீழ் ஊசல் முறையில் ஆற்றலை மீட்கும் திறன் சுமையுடன் நடக்கும்போது அவர்களிடம் கூடுவதே இதற்குக் காரணம் எனப் பின்னர் 1995 இல் விளக்கப்பட்டது.

=== உயரம் ===

குட்டையானவர்களும் குழந்தைகளும் ஒரே தூரத்தைக் கடக்கக் கூடுதல் அடிகள் வைக்க வேண்டும். இதனால் ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு அவர்களுக்கு மிகுதியாகும். பீட்டர் வேயண்டும் அவரது குழுவினரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, உயரம் எவ்வளவாயினும், ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு முழு எட்டுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய மாறுவதில்லை எனக் காட்டியது.

== மதிப்பீட்டு முறைகள் ==

=== மெட் முறை ===

ஒரு செயலின் ஆற்றல் செலவு ஓய்வுநிலைச் செலவைப் போல எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும் எண் மெட் எனப்படும். ஒரு மெட் என்பது ஒரு கிலோகிராம் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிசன் நுகர்வு ஆகும். இது ஒரு கிலோகிராமுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோகலோரிக்குச் சமம். எனவே கணக்கீடு மிக எளிது.

: மொத்தச் செலவு = மெட் × உடல் எடை × நேரம் (மணியில்)

பல்வேறு செயல்களின் மெட் மதிப்புகளைத் தொகுத்து, பார்பரா எயின்சுவர்த்தும் அவரது குழுவினரும் 1993 இல் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அது 2000, 2011, 2024 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2011 ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி சமதரையில் நடத்தலின் மதிப்புகள் சில:

* மணிக்கு 4.0 கிலோமீட்டர் – 3.0 மெட்
* மணிக்கு 4.5 முதல் 5.1 கிலோமீட்டர் – 3.5 மெட்
* மணிக்கு 5.6 கிலோமீட்டர் – 4.3 மெட்
* மணிக்கு 6.4 கிலோமீட்டர் – 5.0 மெட்

இம்முறையின் குறை அதன் அலகிலேயே உள்ளது. 3.5 மில்லிலிட்டர் என்பது எல்லோருக்கும் பொருந்தும் அளவு அன்று. 2005 இல் 769 பேரிடம் எடுக்கப்பட்ட அளவீடுகளை ஆராய்ந்த ஆய்வில், ஓய்வுநிலை ஆக்சிசன் நுகர்வின் சராசரி ஏறத்தாழ 2.6 மில்லிலிட்டராகவே இருந்தது. தசையைவிடக் கொழுப்புத் திசு குறைவான ஆற்றலையே செலவிடுவதால், உடலில் கொழுப்பு மிகுந்தவர்களிடம் இவ்வேறுபாடு கூடுகிறது.

=== அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகத்தின் சமன்பாடு ===

: ஆக்சிசன் நுகர்வு = 0.1 × வேகம் + 1.8 × வேகம் × சரிவு + 3.5

இங்கு ஆக்சிசன் நுகர்வு ஒரு கிலோகிராமுக்கு நிமிடத்துக்கு மில்லிலிட்டரிலும், வேகம் நிமிடத்துக்கு மீட்டரிலும், சரிவு பின்னத்திலும் (5 விழுக்காடு எனில் 0.05) அமையும். மூன்று உறுப்புகளும் முறையே கிடைநிலை இயக்கம், ஏற்றம், ஓய்வுநிலை ஆகியவற்றின் செலவைக் குறிக்கின்றன. இறுதி உறுப்பை நீக்கினால் நிகரச் செலவு கிடைத்துவிடும் என்பது இச்சமன்பாட்டின் சிறப்பு. மணிக்கு 3 முதல் 6 கிலோமீட்டர் வரையிலான வேகங்களுக்கே இது பரிந்துரைக்கப்படுகிறது.

முதல் உறுப்பிலிருந்து ஒரு முக்கியமான முடிவைப் பெறலாம். ஒரு மீட்டருக்கு 0.1 மில்லிலிட்டர் எனில், ஒரு கிலோமீட்டருக்கு 100 மில்லிலிட்டர் ஆக்சிசன் தேவை. லிட்டருக்கு 5 கிலோகலோரி வீதம் இது அரை கிலோகலோரி ஆகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் கூறப்பட்ட அளவு இவ்வாறு பெறப்பட்டதே.

=== பண்டோல்ஃப் சமன்பாடு ===

அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பண்டோல்ஃப், கிவோனி, கோல்டுமன் ஆகியோர் 1977 இல் இதனை வெளியிட்டனர். சுமையையும் நிலத்தின் தன்மையையும் இது கணக்கில் கொள்கிறது.

: திறன் = 1.5 எ + 2.0 (எ + சு)(சு/எ)² + நி (எ + சு)(1.5 வே² + 0.35 வே ச)

இதில் எ உடல் எடை, சு சுமை (இரண்டும் கிலோகிராமில்), வே வேகம் (நொடிக்கு மீட்டரில்), ச சரிவு (விழுக்காட்டில்), நி நிலக் குணகம் ஆகும். விடை வாட்டில் கிடைக்கும். நிலக் குணகம் தார்ச்சாலைக்கு 1.0, மண்சாலைக்கு 1.1, தளர்ந்த மணலுக்கு 2.1 எனக் கொள்ளப்படுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் தார்ச்சாலையில் நடக்கும் 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இச்சமன்பாடு மணிக்கு 227 கிலோகலோரி தருகிறது. அவர் 15 கிலோகிராம் சுமையைத் தாங்கினால் அது 272 ஆக உயர்கிறது. இறக்கத்தில் நடப்பதற்கு இச்சமன்பாடு பொருந்தாது.

=== 2019 ஆம் ஆண்டுச் சமன்பாடு ===

அதே ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் 2019 இல் புதிய சமன்பாடு ஒன்றை வெளியிட்டனர். அது ஒரு கிலோகிராமுக்கான திறனை வாட்டில் தருகிறது.

: திறன் = 1.44 + 1.94 × வேகத்தின் 0.43 ஆம் அடுக்கு + 0.24 × வேகத்தின் 4 ஆம் அடுக்கு

முதல் உறுப்பு ஓய்வு நிலையையும், ஏனையவை நடத்தலையும் குறிக்கின்றன. நான்காம் அடுக்கு இடம்பெறுவதால் மிகு வேகங்களில் செலவு விரைந்து உயர்வதை இது காட்டுகிறது.

== முறைகளின் ஒப்பீடு ==

60 கிலோகிராம் எடையுள்ளவர் சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடப்பதாகக் கொள்வோம். மேற்கண்ட முறைகள் தரும் மொத்தச் செலவு வருமாறு:

| முறை | கிலோகலோரி |
|---|---|
| மெட் (2011) | 210 |
| அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் | 213 |
| பண்டோல்ஃப் (1977) | 227 |
| 2019 ஆம் ஆண்டுச் சமன்பாடு | 236 |
| ரால்ஸ்டன் (1958) | 237 |

மிகக் குறைந்த மதிப்புக்கும் மிகக் கூடிய மதிப்புக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ 13 விழுக்காடு. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மக்களிடம் எடுக்கப்பட்ட அளவீடுகளிலிருந்து பெறப்பட்டவை என்பதைக் கருதினால் இது நல்ல ஒற்றுமையே. ஆனால் மொத்தச் செலவுக்கும் நிகரச் செலவுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதனைவிடப் பெரிது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகத்தின் சமன்பாட்டில் மொத்தச் செலவு 213 ஆக இருக்க, நிகரச் செலவு 150 மட்டுமே. எந்தச் சமன்பாட்டைத் தேர்வது என்பதைவிட, ஓய்வுநிலைச் செலவு கழிக்கப்பட்டதா என்பதை அறிவதே முதன்மையானது.

== எளிய கணக்கீட்டு முறை ==

கருவி ஏதுமின்றி நிகரச் செலவை மதிப்பிடப் பின்வரும் முறையைப் பயன்படுத்தலாம்.

# நடந்த தூரத்தைக் கிலோமீட்டரில் அறிக. தூரம் தெரியாவிடில், அளந்த 100 மீட்டரில் வைக்கும் அடிகளை எண்ணி அடியின் நீளத்தைக் கணக்கிடுக. எடுத்துக்காட்டாக, 100 மீட்டருக்கு 143 அடிகள் எனில் அடியின் நீளம் ஏறத்தாழ 0.7 மீட்டர். இதனை மொத்த அடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் தூரம் கிடைக்கும்.
# உடல் எடையுடன் உடை, பை முதலியவற்றின் எடையையும் கூட்டுக.
# தூரம் × எடை × 0.5 எனக் கணக்கிடுக.
# பாதையில் ஏற்றம் இருந்தால், ஏறிய ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் எடை × 0.9 என்னும் அளவைக் கூட்டுக.

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். 60 கிலோகிராம் எடையுள்ளவர் அதனை ஒருமுறை சுற்றிவர ஆகும் நிகரச் செலவு 14 × 60 × 0.5 = 420 கிலோகலோரி ஆகும். அவர் மூன்று மணி நேரத்தில் நடந்தாலும் நான்கு மணி நேரத்தில் நடந்தாலும் இவ்வளவில் பெரிய மாற்றம் இராது.

== கருவிகளின் நம்பகத்தன்மை ==

கையில் அணியும் கருவிகள் முடுக்கமானியைக் கொண்டு அசைவையும், ஒளி உணரியைக் கொண்டு இதயத் துடிப்பையும் அறிந்து, பயனர் உள்ளிட்ட எடை, உயரம், வயது, பாலினம் ஆகியவற்றுடன் இணைத்துக் கலோரியைக் கணிக்கின்றன. மிதமான நடையில் இதயத் துடிப்பு ஆற்றல் செலவை மட்டும் சார்ந்ததன்று. வெயில், நீரிழப்பு, காப்பி, பதற்றம், சில மருந்துகள் ஆகியனவும் அதனை மாற்றும். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கை அசையாததால் அடிகள் விடுபடக்கூடும். டிரெட்மில்லின் கைப்பிடியில் உடல் எடையைச் சாய்த்து நடப்பவர் பொறி காட்டுவதைவிடக் குறைவாகவே செலவிடுகிறார்.

இசுட்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் ஏழு கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்தனர். இதயத் துடிப்பைப் பெரும்பாலான கருவிகள் 5 விழுக்காட்டுக்குட்பட்ட பிழையுடன் அளந்தன. ஆற்றல் செலவிலோ, மிகத் துல்லியமான கருவியின் சராசரிப் பிழையே 27 விழுக்காடாக இருந்தது. மிகக் குறைந்த துல்லியமுடையதன் பிழை 93 விழுக்காடு. ஆயினும் ஒரே கருவியை ஒரே முறையில் அணிபவர், ஒரு நாளின் நடையை மற்றொரு நாளின் நடையோடு ஒப்பிட அது உதவும்.

== உடல் எடையுடனான தொடர்பு ==

ஒரு கிலோகிராம் உடற்கொழுப்புத் திசு ஏறத்தாழ 7,700 கிலோகலோரிக்குச் சமம் எனக் கொள்வது வழக்கம். நாள்தோறும் 10,000 அடிகள் நடக்கும் 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் அடி என்னும் இலக்கே ஆய்வொன்றின் முடிவாகத் தோன்றியதன்று. 1965 இல் சப்பானில் யமாசா என்னும் நிறுவனம் 'பத்தாயிரம் அடி அளவி' எனப் பொருள்படும் பெயருடன் ஓர் அடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து அது பரவியது.

அடியின் நீளம் 0.7 மீட்டர் எனில் நடந்த தூரம் 7 கிலோமீட்டர்; நிகரச் செலவு 210 கிலோகலோரி. மொத்தச் செலவைக் காட்டும் கருவியில் இது ஏறத்தாழ 298 எனத் தோன்றும். அந்த எண்ணை நம்பி, அவ்வளவு உணவைக் கூடுதலாக உண்ணலாம் என அவர் கருதினால், நாள்தோறும் 88 கிலோகலோரி மிகுதியாகிறது. ஒரு மாதத்தில் இது 2,640 கிலோகலோரி, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு கிலோகிராம் கொழுப்புக்கு நிகர். நாள்தோறும் தவறாமல் நடந்தும் எடை கூடுவதாகச் சிலர் வியப்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

உணவுடன் ஒப்பிட்டால் நடையின் செலவு எத்தகையது என்பது விளங்கும். ஒரு கிராம் சர்க்கரை 4 கிலோகலோரியும், ஒரு கிராம் எண்ணெய் 9 கிலோகலோரியும் தருகின்றன. தேநீரில் சேர்க்கும் 10 கிராம் சர்க்கரையின் ஆற்றலைச் செலவிட மேற்கூறியவர் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். சமையலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைப்பது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடைக்குச் சமம்.

மேலும், நடையினால் செலவிட்ட ஆற்றல் முழுவதும் ஒரு நாளின் மொத்தச் செலவுடன் சேர்ந்துவிடும் எனக் கூற இயலாது. தான்சானியாவின் அட்சா இன மக்கள் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்பவர்கள்; ஆண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 11 கிலோமீட்டரும், பெண்கள் ஏறத்தாழ 6 கிலோமீட்டரும் நடக்கின்றனர். எர்மன் பொன்ட்சரும் பிறரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோது, அவர்களது அன்றாட மொத்தச் செலவு மேலை நாட்டு மக்களின் செலவிலிருந்து வேறுபடவில்லை. உடல் உழைப்பு மிகும்போது உடல் தன் பிற செலவுகளைக் குறைத்து ஈடுசெய்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். இந்த ஈடுசெய்தலின் அளவு குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நடத்தலின் பயனைக் கலோரியைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடப் பரிந்துரைக்கிறது. இதயம், குருதியழுத்தம், குருதிச் சர்க்கரை, மனநலம் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இந்நன்மைகள் எடை குறையாதபோதும் கிடைக்கின்றன. நீரிழிவுக்கு இன்சுலின் எடுத்துக்கொள்வோர் நடையின் அளவை மாற்றும்போது கருவி காட்டும் கலோரி எண்ணைக் கொண்டு மருந்தின் அளவைத் தாமே மாற்றுதல் தீங்கானது. அதற்கு மருத்துவரின் அறிவுரை தேவை.

== இவற்றையும் பார்க்க ==

* கலோரி
* வளர்சிதைமாற்றம்
* நடைப்பயிற்சி
* அடிமானி